குச்சி நட்ட செடிகள்

ஆகஸ்ட் கடைசியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தது. ஊட்டிப் பக்கம் அந்த மாதத்தில் அது பெரிய விஷயம். மூன்றாம் நாள் காலை மேகமூட்டம் கலைந்ததும் கிழங்கு எடுக்க இறங்கிவிட்டோம்.

நாங்கள் இருப்பது ஊட்டியிலிருந்து பாலாடா போகும் வழியில், சரிவில் ஒரு வாடகை வீடு. பின்பக்கம் இரண்டு சென்ட் நிலம். அதை நான்காகப் பிரித்து, ஒரு பங்கில் கிழங்கும் மற்றவற்றில் பீன்ஸ், கேரட், பூண்டும் போடுகிறேன். இந்த மலையில் கிழங்கு என்று மட்டும் சொன்னால் அது உருளைக்கிழங்குதான். மரவள்ளிக்கும் சேனைக்கும்தான் பெயர் சொல்ல வேண்டும். காரமடையிலிருந்து இங்கே குடிவந்த புதிதில் எனக்கு இது பழகச் சில நாள் பிடித்தது.

தழையை 12 நாளுக்கு முன்பே தரையோடு அறுத்து அப்புறப்படுத்தியிருந்தேன். செடி தானாகவே மஞ்சளாகிச் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அறுத்துவிட்டுக் காத்திருப்பது நல்லது. இலையில் கருகல் நோய் இருந்தால் அது மழையோடு இறங்கிக் கிழங்கைத் தொடுவதற்கு முன் தழை போய்விடும். கிழங்கின் தோல் தடிப்பதும் அந்த நாட்களில்தான். ஒன்றைத் தோண்டியெடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். தோல் உரிந்து சுருண்டால் இன்னும் நான்கு நாள் பொறுக்க வேண்டும். தோல் உரிகிற இளங்கிழங்குக்கு ருசி அதிகம். உப்புப் போட்டு அவித்து, மிளகைத் தட்டிப் போட்டால் வேறெதுவும் வேண்டாம். ஆனால் அதை அன்றைக்கே தின்றுவிட வேண்டும். ஏழு மாதம் காத்திருந்து மறுபடி மண்ணுக்குள் போகவேண்டிய கிழங்குக்குத் தோல் நன்றாக முற்றியிருக்க வேண்டும்.

கொத்துக் கருவியைச் செடியின் அடியில் போடக்கூடாது. ஒரு முழம் தள்ளி, மண் அணைத்த மேட்டுப் பாரின் பக்கவாட்டிலிருந்து போட்டு, மண்ணை அப்படியே புரட்ட வேண்டும். ஈரம் பாதி காய்ந்த மண் பொலபொலவென்று உதிரும். முதலில் ஒன்று தெரியும், பிறகு நான்கு, பிறகு கையை விட்டுத் துழாவினால் இன்னும் மூன்று. என் மகனுக்கு 9 வயது. அவனுக்கு அந்தத் துழாவுகிற வேலைதான் வேண்டும், கூடையில் போடுகிற வேலை வேண்டாம்.

எல்லாச் செடிக்கும் அடியில் இன்னொன்றும் அகப்படும். ஏப்ரலில் நட்ட தாய்க்கிழங்கு. வெறும் தோல், உள்ளே கொழகொழவென்று கொஞ்சம் தண்ணீர். விரலில் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். மகன் முகம் சுளிப்பான். எனக்கு அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் போகத் தோன்றுவதில்லை. நான் பொறுக்கி எடுத்து, பெட்டியில் வைத்து, மாதக்கணக்கில் காவல் காத்த கிழங்கு அது.

பங்கு முழுவதும் 110 செடி. அதில் 12 செடிக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டிருந்தேன். முதலில் அந்த 12 செடியைத்தான் எடுத்தோம், தனிக் கூடையில். அப்புறம்தான் மற்றவை. இந்தக் குச்சிகளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், முதல் முறை நட்டபோது, உள்ளூரில் ஒருவரிடம் 5 கிலோ விதைக்கிழங்கு வாங்கினேன். ஜோதி ரகம். வெள்ளைத் தோல், வெள்ளைப் பூ, மேலோட்டமான கண். 41 கிலோ எடுத்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியதை எல்லாம் சமையலுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒதுக்கினேன். கோலிக்குண்டுக்குக் கொஞ்சம் பெரிதாக, தோலுரிக்கச் சலிப்பாக இருந்த பொடிகளை ஒரு சாக்கில் போட்டு அடுத்த நடவுக்கு என்று மூலையில் சாய்த்தேன். சிக்கனமான யோசனை என்றுதான் நினைத்தேன். வீட்டில் கிழங்கு போடுகிற பலர் இதையேதான் செய்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“என்ன கண்ணு எடுத்து வெச்சிருக்கிற?”

“விதைக்குங்க பாட்டி. பொடியா இருக்கறது எல்லாம்.”

“பொடியாப் போனது ஏன் பொடியாப் போச்சுன்னு பார்த்தியா?”

பாட்டி 40 வருடம் இந்தச் சரிவுகளில் கூலிக்குக் கிழங்கு நட்டு, மண் அணைத்து, எடுத்தவர். நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கேள்வியும் எனக்குப் புரியவில்லை. மறு வருடம் அதே 5 கிலோ எடைக்கு நட்டு 19 கிலோ எடுத்தபோது புரிந்தது.

நெல்லை நினைத்துக்கொண்டு கிழங்கைப் பார்த்ததுதான் என் தவறு. நெல் பூத்து, மகரந்தம் சேர்ந்து, மணி பிடிக்கிறது. அது அடுத்த தலைமுறை. தாயைப் பிடித்த வைரஸ் நோய்களில் பெரும்பாலானவை விதை வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை. கிழங்கு அப்படி இல்லை. மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டின் நுனி பருத்தால் அதுதான் உருளைக்கிழங்கு. வேர்கூட இல்லை, தண்டு. அதனால்தான் அதில் கண் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் பச்சையாகிறது. அதை எடுத்து நட்டால் முளைப்பது மகளோ பேத்தியோ இல்லை, அதே செடி. நாம் அதை வெட்டி வெட்டி நீட்டிக்கொண்டே போகிறோம்.

உருளைக்கும் உண்மையான விதை உண்டு. பூ உதிர்ந்த பிறகு சில செடிகளில் சுண்டைக்காய் போலப் பச்சைக் காய் தொங்கும், அதற்குள் தக்காளி விதை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். அந்தக் காய் நஞ்சு, குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை விதைத்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். புது ரகம் உண்டாக்குகிறவர்களுக்குத்தான் அது தேவை. சிம்லாவுக்குப் பக்கத்தில் குப்ரி என்ற ஊரில் அந்தக் கலப்பு வேலை நடந்ததால்தான் நம் நாட்டு ரகங்கள் பலவற்றுக்கும் குப்ரி ஜோதி, குப்ரி சுவர்ணா என்று ஊர்ப்பெயர் முன்னால் நிற்கிறது. ஜோதி வெளியானது 1968இல். அதற்கும் முன்னால் ஒரே ஒரு செடியாக இருந்ததுதான் இன்றைக்கு என் கூடையில் இருக்கிறது. 1968க்குப் பிறகு பிறந்தவள் நான். என்னைவிட வயதில் மூத்த ஒரு செடியை நான் நட்டு எடுக்கிறேன். இதை முதல்முறை யோசித்துப் பார்த்த அன்று கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அதே செடி தொடர்கிறது என்றால் அதற்கு வந்த நோயும் தொடர்கிறது. அசுவினிப் பூச்சி ஒரு நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் உட்காரும். அதோடு இலைச்சுருள் வைரஸ் வந்து சேரும். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் காகிதம் போல மொடமொடவென்று இருக்கும். இலை தயாரிக்கும் மாவு கிழங்குக்கு இறங்காமல் இலையிலேயே தங்கிவிடுகிறது. அடியில் நான்கைந்து பொடிக்கிழங்கோடு செடி நின்றுவிடும். இலையில் வெளிர் திட்டு விழும் தேமல் நோய் வந்தாலும் கிட்டத்தட்ட இதே கதை. ஆக, குவியலில் பொடியாகக் கிடப்பதில் ஒரு பங்கு நல்ல செடியில் கடைசியாகப் பிடித்ததாக இருக்கலாம். இன்னொரு பங்கு நோய்ச் செடி கொடுத்த மொத்த விளைச்சல். குவித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் பொடிகளாகப் பொறுக்கி எடுத்தபோது நோயைத்தான் தேடித்தேடிப் பொறுக்கியிருக்கிறேன். பாட்டி கேட்டது அதைத்தான்.

நாட்டுக்கே விதைக்கிழங்கு வடக்கேயிருந்து வருவதற்கும் இந்த அசுவினிதான் காரணம். பஞ்சாப் சமவெளியில் குளிர்காலத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு அசுவினி மிகக் குறைவு. அந்த இடைவெளியில் விதைப்பயிர் வைத்து, 100 கூட்டிலையில் 20 அசுவினி என்ற எண்ணிக்கையைத் தொடுவதற்குள் தழையை அறுத்துவிடுவார்கள். பூச்சி வந்து பார்த்தால் உட்கார இலை இருக்காது. எவ்வளவு எளிமையான, அழகான யோசனை! நம் மலையில் அந்த வசதி இல்லை. இங்கே கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று பருவமாக வருடம் முழுக்க ஏதாவது ஒரு சரிவில் கிழங்குச் செடி பச்சையாக நின்றுகொண்டே இருக்கும். அசுவினிக்கும் எந்நாளும் வீடு உண்டு.

சரி, அப்படியானால் வீட்டுத் தோட்டக்காரர்கள் விதை எடுக்கவே முடியாதா? முடியும். ஆனால் விதையைத் தேர்ந்தெடுக்கிற நாள் அறுவடை நாள் இல்லை. அதற்கு ஒன்றரை மாதம் முன்னால், செடி பூத்து நிற்கும்போது.

இரண்டாவது வருடம் செடிகள் சோகையாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் பாட்டி வேலியைத் தாண்டி வந்தார். கையில் ஒரு கத்தை மூங்கில் குச்சி. பாரோடு பாராக நடந்து, ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்த்து, இலையைப் புரட்டிப் பார்த்து, பிடித்த செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியைக் குத்திக்கொண்டே போனார். மொத்தம் 9 குச்சி. “இதுங்கதான் உன் விதை. மத்ததெல்லாம் சோறு” என்றார். பாட்டிக்கு இது யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஆப்பிரிக்காவின் மலைநாடுகளில் சிறு விவசாயிகளோடு சேர்ந்து ஆராய்ச்சியாளர்கள் இதையே செய்து பார்த்து, விளைச்சல் ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன்.

நான் இப்போது செய்வது இப்படி. பூ வந்த வாரம், மேகமூட்டமான ஒரு காலையில் போவேன். உச்சி வெயிலில் இலை பளபளக்கும், தேமல் கண்ணுக்குத் தெரியாது. உயரம், தண்டின் பருமன், இலையின் ஒரே சீரான பச்சை பார்ப்பேன். தனியாக நன்றாக நிற்கிற செடியைவிட, நான்கு பக்கமும் நல்ல செடிகளுக்கு நடுவில் நிற்கிற செடியை நம்புவேன். பக்கத்துச் செடிக்கு நோய் இருந்தால் நாளைக்கு இதற்கும் வரும். இந்த வருடம் 14 குச்சி நட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது இரண்டு செடியில் மஞ்சள் புள்ளி தெரிந்தது. அந்தக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டேன். இலை தெளிவாகவே சுருண்டிருந்த ஆறு செடியை வேரோடு எடுத்துச் சாக்கில் கட்டி வெளியேற்றினேன். பூத்து நிற்கிற செடியைப் பிடுங்குவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அறுவடையில் குச்சிச் செடிகளையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஒரு செடியில் மூன்று கிழங்குதான் இருந்தால், அவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது சமையலுக்குப் போகும். ஆறு ஏழு கிழங்கு, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் விதை. அதிலும் கோழிமுட்டை அளவுள்ளதைத்தான் வைப்பேன், 40 முதல் 50 கிராம். பெரிய கிழங்கை வெட்டி நடலாம். ஆனால் ஒன்றின் நோயைக் கத்தி அடுத்ததற்குக் கொண்டுபோகும், வெட்டிய இடம் ஈரத்தில் அழுகும். முழுசாக நட்டால் அந்தக் கவலை இல்லை.

பாட்டியின் 9 குச்சியிலிருந்து கிடைத்ததும், போதாததற்கு நன்றாக இருந்த வேறு சில செடிகளிலிருந்து எடுத்ததுமாக 5 கிலோ சேர்த்து இந்த ஏப்ரலில் நட்டேன். எடுத்தது 33 கிலோ. 19 எங்கே, 33 எங்கே. குச்சி ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இந்த வருடம் மழை சீராகப் பெய்தது, பங்கும் வேறு. ஆனாலும் மே மாதத்திலேயே செடிகள் நின்ற நிற்பு வேறு மாதிரி இருந்தது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

பங்கு வேறு என்றேன். அதற்கும் காரணம் இருக்கிறது, அது இந்த மலையின் பெரிய துயரம்.

1961இல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கிழங்கு வேரில் ஒரு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அதுதான் முதல் முறை. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு குண்டூசித் தலை அளவுக்கு உருண்டையாகப் பருக்கும். முதலில் வெள்ளை, பிறகு தங்க நிறம், செத்த பிறகு பழுப்பு. செத்த உடம்பே முட்டைக்கூடு ஆகிவிடும். ஒரு கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டை வரை இருக்கும். கிழங்குச் செடி இல்லாத மண்ணில் அந்த முட்டைகள் 20 வருடம்கூடக் கிடக்கும். கிழங்கின் வேர் கசியும் நீர் மண்ணில் பரவினால் அதை உணர்ந்து பொரிக்கும். தாத்தா காலத்தில் விழுந்த முட்டை பேரன் நட்ட கிழங்குக்காக விழித்துக்கொள்கிறது.

இதனால்தான் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று 1971இல் தடை வந்தது. முத்தோரையில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவைத் தாங்குகிற ரகங்களுக்காகப் பல வருடம் உழைத்திருக்கிறது. 1985இல் வந்த குப்ரி சுவர்ணா அப்படி வந்ததுதான். மலைக்கு வெளியே இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. வியாபாரத்துக்கு விதை எடுத்து விற்ற ஒரு மலை, அந்தப் பிழைப்பை இழந்த கதை இது.

முதல் வருடம், பூக்கிற சமயத்தில் ஒரு செடியை மெதுவாகப் பெயர்த்து வேரைத் தண்ணீரில் அலசிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தங்கநிற மணிகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. அழகாகத்தான் இருந்தன. எங்கள் மண்ணிலும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் நான்கு பங்கு. ஒரு பங்கில் கிழங்கு போட்டால் மறுபடி அங்கே போட மூன்று வருடம் ஆக வேண்டும். கேரட்டையும் பீன்ஸையும் பூண்டையும் அந்தப் புழு தின்னாது. கிழங்கு இல்லாத வருடங்களிலும் கொஞ்சம் முட்டை பொரித்து, தின்ன வேரில்லாமல் சாகும். தொகை குறையும், தீர்ந்துபோகாது.

என் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிக்கபள்ளாபூர் பக்கம் நிலம் உண்டு. நன்றாகக் கிழங்கு விளைகிற பூமி. போன வருடம் போன் பண்ணி, “அக்கா, உன் விதையில அஞ்சு கிலோ குடுத்தனுப்பு, பஸ்ஸுலயே போட்டு விடு” என்றாள். முடியாது என்றேன். அஞ்சு கிலோதானே என்றாள். அஞ்சு கிலோவில் ஒட்டிவரும் மண் போதும் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்க மனசில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அந்தக் கிழங்கு எனக்கு எவ்வளவு ஒசத்தியோ அவ்வளவுக்கு அதை அவளுக்குக் கொடுக்க ஆசையாக இருந்தது. ஆனால் 20 வருடம் மண்ணுக்குள் உட்காரக்கூடிய ஒன்றைப் பாசத்தின் பெயரில் இன்னொருவர் நிலத்துக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லை. வீட்டில் விதை எடுக்கிற யாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: என் மண்ணில் என்ன இருக்கிறது, அது யார் வீட்டுக்குப் போகும். வேறு ஊரில் வேறு நோய் இருக்கும். பிரியமாகக் கொடுக்கிற விதையில்தான் யாரும் சந்தேகப்பட்டுப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் எடுத்து வைக்கிற வேலை. விதைக்கிழங்கைக் கழுவுவதில்லை. பழைய பங்கின் ஓரத்திலேயே உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டிவிடுவேன், அந்த மண் அங்கேயே கிடக்கட்டும். வெட்டுப்பட்டது, சிராய்த்தது, கண்ணோரம் கறுத்தது எல்லாவற்றையும் நீக்கிவிடுவேன். பிறகு நிழலான, காற்றாடுகிற இடத்தில் இரண்டு வாரம் சாக்கைப் போட்டு மூடி வைப்பேன். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அந்த நாட்களில் ஆறும். அதுவரைக்கும் விதைக்கும் சமையலுக்கும் ஒரே கவனிப்புதான். அதற்குப் பிறகு இரண்டும் பிரிகின்றன.

சமையல் கிழங்கு இருட்டுக்குப் போகும். விதைக்கிழங்கு வெளிச்சத்துக்கு வரும். எடுத்த புதிதில் கிழங்கு தூங்கும், இரண்டு மூன்று மாதத்துக்கு எதைச் செய்தாலும் முளைக்காது. தூக்கம் கலைந்த பிறகு இருட்டில் இருந்தால் வெள்ளை வெளேரென்று முழ நீளத்துக்கு முளை விடும். தொட்டால் ஒடியும், கிழங்கும் வற்றிச் சுருங்கும். நேர்வெயில் படாத வெளிச்சத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி வைத்தால் முளை குட்டையாக, தடியாக, நகக்கண் அளவில் நின்றுவிடும். பெருவின் லிமா நகரில் இருக்கிற சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இந்த முறையை ஊர் ஊராகப் பரப்பியது. குளிர்சாதனக் கிடங்கு இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம். எனக்கு அது வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இருக்கிற நான்கு தக்காளிப் பெட்டி. அடியில் காய்ந்த உண்ணிச்செடி இலையும் கற்பூரமர (யூகலிப்டஸ்) இலையும் பரப்புகிறேன்; கிழங்கைத் துளைக்கிற அந்துப்பூச்சி அந்த வாசனைக்கு அண்டுவது குறைகிறது. எலிக்குக் கம்பி வலை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற இரவுகளில் பெட்டிகளை ஜன்னலை விட்டு நகர்த்திச் சாக்கால் மூடிவிடுவேன். உறைந்த கிழங்கு விடிந்ததும் தண்ணீராகிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை பெட்டிக்கு மேல் முகத்தை வைத்து முகர்ந்து பார்ப்பேன். ஒன்று அழுக ஆரம்பித்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

வெளிச்சத்தில் கிழங்கு பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த கிழங்கில் சோலனின் என்ற நஞ்சு கூடும், சமையலுக்கு ஆகாது. விதைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. பச்சை பிடித்துவிட்டால் அந்தக் கிழங்கை நானே நினைத்தாலும் தின்ன முடியாது. பச்சை ஏறும்வரைதான் ஆபத்து.

அந்த ஆபத்து விளையாட்டில்லை. போன வருடம் செப்டம்பரில் பெருமழை, சாலையில் மரம் விழுந்து இரண்டு நாள் வண்டி இல்லை. அண்ணன் குடும்பம் வந்திருந்தது, மொத்தம் 8 பேர். 19 கிலோவில் சமையல் கிழங்கு அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. சாக்குக்கு அடியில் அந்த 5 கிலோ, அப்போது பச்சைகூட ஏறவில்லை. அண்ணி, “இத்தனை கிழங்கை வெச்சுக்கிட்டு ஒண்ணுமில்லைங்கறீங்களே” என்றார். விதைத்த நெல்லை இரவோடு இரவாக வயலில் இறங்கி அரித்துக்கொண்டு வந்து அடியாருக்குச் சோறாக்கிய இளையான்குடி மாறநாயனாரைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அன்றைக்கு அவர் நினைவு வந்தது. அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விதைக்கிழங்குக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. நான் ரசமும் அப்பளமும் வைத்தேன். அண்ணிக்கு வருத்தம்தான்.

பசி என்றால் என்ன என்று தெரியாத வீட்டின் கதை இது. அயர்லாந்தில் 1845இல் கருகல் நோய் வந்தபோது, நாடு பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகத்தை, அதாவது ஒரே செடியை, நட்டுத் தின்றுகொண்டிருந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அதில் எனக்கு மறக்க முடியாத வருடம் 1847. அந்த வருடம் நோய் அதிகம் இல்லை. விளைந்ததும் நன்றாகவே விளைந்தது. ஆனால் நட்டதே மிகக் கொஞ்சம். முந்தைய வருடங்களின் பசியில் விதைக்கிழங்கைத் தின்றிருந்தார்கள். தின்னாமல் எப்படி இருப்பார்கள்? அந்தக் கருகல் நோய் 1870க்கும் 1880க்கும் நடுவில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் முதலில் வந்த இடம் இதுதான். இன்றைக்கும் ஜூலை மூட்டத்தில் இலைநுனி கறுக்கிறதா என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன்.

இந்த வருடம் 12 குச்சிச் செடியிலிருந்து 6 கிலோ கிடைத்தது. அளவு பார்த்துக் கழித்ததில் விதைக்கு நின்றது 102 கிழங்கு. செப்டம்பர் நடுவில், சாக்கை எடுத்துவிட்டுப் பெட்டிகளில் அடுக்கினேன், கண் அதிகமுள்ள பக்கம் மேலே பார்த்திருக்கும்படி. தங்கைக்குத் தின்பதற்கென்று 4 கிலோ நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். தோலைச் செடிக்குப் போடாதே, குப்பையில் போடு என்று சொல்லித்தான் அனுப்பினேன். சரிக்கா என்றாள். முந்தாநாள் போன் பண்ணி, பொரியல் பண்ணினேன், மாவாக வெந்தது என்றாள்.

மாலையில் பாட்டி வந்தார். அவருடைய நிலமும் எங்கள் நிலமும் ஒரே சரிவு. மழைக்கு எங்கள் மண்தான் அங்கே வழிகிறது. அதனால் அவருக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பத்துக் கிழங்கை எடுத்து முறத்தில் வைத்து நீட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிக் கண் எண்ணினார். எட்டாவதில் நின்றார். நான் பார்க்காத ஒரு மெல்லிய வெடிப்பு. அதைத் தனியாக எடுத்து என் கையில் வைத்தார்.

“இது குழம்புக்கு, கண்ணு. வேற ஒண்ணு எடு.”